போஸ்ட்கிரெஸ் முரண்டு பிடித்தால்: அறிகுறியைப் பார்த்து அமைப்பைச் சரிசெய்யும் வழி

பில் போடும் மென்பொருளுக்கோ பள்ளி வலைத்தளத்துக்கோ பின்னால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளத் தனி நிர்வாகி இருக்கமாட்டார். புரோகிராம் எழுதியவரே அதையும் கவனிக்க வேண்டும். இந்த வழிமுறை அவருக்காக. இப்படிப்பட்ட சர்வர்களைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. அதே கோளாறுகள் திரும்பத் திரும்ப வருவதால், புதியவர்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய ஒரு கருவியை வடிவமைத்து வருகிறேன். அந்தக் கருவி எந்த வரிசையில் கேள்வி கேட்குமோ, அதே வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பிஜிடியூன் போன்ற கணிப்பான்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ரேம் எவ்வளவு, சிபியு எத்தனை, டிஸ்க் எந்த வகை, இணைப்புகள் எத்தனை, பயன்பாடு எப்படிப்பட்டது என்று கேட்டுவிட்டு, கோப்பில் ஒட்ட வேண்டிய வரிகளைத் தரும். புதிதாக நிறுவும் சர்வருக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் சர்வர் படுத்த பிறகு உதவி கேட்டு வருபவர் "ஷேர்டு பஃபர்ஸ் போதவில்லை" என்று சொல்வதில்லை. "பதினொரு மணிக்கு மேல் எல்லாம் நின்றுவிடுகிறது" என்கிறார். அவர் முன்னால் முந்நூறுக்கும் மேற்பட்ட அமைப்புகளை விரித்துவைப்பதால் ஒரு பயனும் இல்லை. எனவே கருவியின் முதல் கேள்வி "என்ன நடக்கிறது?" என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் 14-ஐயும் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்புப்படியே எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கு இடையே அடிக்கோட்டுடன் இருக்கும்.

## எதையும் தொடுவதற்கு முன்

கன்ஃபிக் கோப்பை நகல் எடுத்துத் தேதியிட்டு வையுங்கள். பிறகு "பிஜி செட்டிங்ஸ்" என்ற வியூவில் "சோர்ஸ்" நெடுவரிசை "டிஃபால்ட்" அல்லாத வரிசைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் யாரோ மாற்றி வைத்தவையெல்லாம் அங்கே தெரியும். பாதி நேரம் கோளாறு அந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றுங்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். கணிப்பான் தந்த பதினைந்து வரிகளையும் ஒரே மூச்சில் ஒட்டிவிட்டால், நிலைமை மோசமாகும்போது எந்த வரியால் அப்படி ஆனது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

## அறிகுறி: அமைப்பை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை

முதலில் வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். ஹாஷ் குறி இருந்தால் அந்த வரி வெறும் குறிப்பு. கோப்பில் உள்ள பெரும்பாலான வரிகள் அப்படித்தான் வருகின்றன. மதிப்பை மாற்றிவிட்டு ஹாஷை எடுக்க மறப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம்.

ஹாஷ் இல்லையென்றால், நீங்கள் திருத்தியது சரியான கோப்புதானா என்று பாருங்கள். சர்வருக்குள் நுழைந்து "ஷோ கன்ஃபிக் ஃபைல்" கொடுத்தால், அது எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று சொல்லும். உபுண்டு, டெபியன் கணினிகளில் பதிப்பு உயர்த்திய பிறகு பழைய சர்வர் 5432 போர்ட்டிலும் புதிய சர்வர் 5433 போர்ட்டிலும் சேர்ந்தே ஓடுவதுண்டு. ஒன்றின் கோப்பைத் திருத்திவிட்டு மற்றொன்றில் பலனைத் தேடுவார்கள்.

கோப்பு சரிதான் என்றால் அடுத்தவை:

- அதே அமைப்பு கோப்பில் கீழே இன்னொரு முறை வருகிறதா? கடைசியாக வருவதுதான் செல்லும்.
- யாராவது "ஆல்டர் சிஸ்டம்" கட்டளை கொடுத்திருக்கிறார்களா? அந்த மதிப்பு ஆட்டோ கான்ஃப் என்ற தனிக் கோப்பில் எழுதப்படும். முதன்மைக் கோப்பில் என்ன இருந்தாலும் அதுவே வெல்லும். "ஆல்டர் சிஸ்டம் ரீசெட்" கொடுத்து நீக்குங்கள்.
- ரீஸ்டார்ட் தேவையா? ஷேர்டு பஃபர்ஸ் (தரவை வைத்துக்கொள்ளச் சர்வர் ஒதுக்கும் ரேம்), மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் போன்றவை ரீலோடுக்கு (சர்வரை நிறுத்தாமல் கோப்பை மட்டும் மீண்டும் படிக்கவைப்பதற்கு) அசையாது. பிஜி செட்டிங்ஸில் "பெண்டிங் ரீஸ்டார்ட்" உண்மை என்று இருந்தால் காரணம் இதுதான்.
- குறிப்பிட்ட பயனருக்கோ தரவுத்தளத்துக்கோ தனி மதிப்பு வைத்திருக்கிறார்களா? "சோர்ஸ்" நெடுவரிசையில் "யூசர்" அல்லது "டேட்டாபேஸ்" என்று தெரியும்.

இவை எதுவும் இல்லையென்றால் "பிஜி ஃபைல் செட்டிங்ஸ்" வியூவைப் பாருங்கள். கோப்பில் எந்த வரியில் பிழை, எந்த வரி ஏற்கப்படவில்லை என்று வரி எண்ணோடு காட்டும். இவ்வளவு உதவியான வியூவைப் பலரும் திறந்தே பார்ப்பதில்லை. என் கருவி இந்தச் சோதனைகளைக் கேட்காமலேயே தானாக ஓட்டும்.

இந்த அறிகுறிக்கு நிபுணர் தேவைப்படாது. சர்வர் கிளவுட் நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்தால் மட்டும் கோப்பைத் தேட வேண்டாம். அமைப்புகளை அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கத்தில்தான் மாற்ற முடியும்.

## அறிகுறி: மாற்றிய பிறகு சர்வர் எழவில்லை

பதற்றப்படாமல் லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். போஸ்ட்கிரெஸ் ஏன் எழவில்லை என்பதை ஏறக்குறைய எப்போதும் அங்கே தெளிவாகச் சொல்லிவிடும்.

"இன்வேலிட் வேல்யூ ஃபார் பாராமீட்டர்" என்று இருந்தால் பெரும்பாலும் அலகைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள். அலகுகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. எம்பி, ஜிபி இரண்டிலும் எல்லா எழுத்துகளும் பெரியவை. கேபியில் மட்டும் கே சிறியது, பி பெரியது. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி விட்டால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இல்லையென்றால் தொடரியல் பிழை வரும்.

அலகே எழுதாமல் விடுவது இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் சில நேரம் பிழையே வராது. வொர்க் மெம் (வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான நினைவகம்) என்பதற்கு வெறுமனே 64 என்று எழுதினால் அது 64 கேபி. அது அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த மதிப்பு, அதனால் சர்வர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் டிஸ்க்கில் தவழும். ஷேர்டு பஃபர்ஸுக்கு அலகு இல்லாமல் எழுதும் எண்ணோ 8 கேபி தொகுதிகளின் எண்ணிக்கை. ஒரே கோப்பில் இரண்டு வரிகளுக்கு இரண்டு வேறு அலகுகள்! புதியவர்களுக்கான எந்தக் கருவியும் அலகு இல்லாத எண்ணை ஏற்கவே கூடாது.

"கேனாட் அலோகேட் மெமரி" என்று இருந்தால் ஷேர்டு பஃபர்ஸ் அளவுக்கு மீறியிருக்கிறது. மொத்த ரேமில் கால் பங்கு என்பது நல்ல தொடக்கம். 40 சதவீதத்துக்கு மேல் போனாலும் பெரும்பாலும் கூடுதல் பலன் இருக்காது, ஏனெனில் போஸ்ட்கிரெஸ் இயங்குதளத்தின் தற்காலிகச் சேமிப்பையும் நம்பித்தான் ஓடுகிறது.

தவறான மதிப்பு "ஆல்டர் சிஸ்டம்" மூலம் போயிருந்தால் சர்வருக்குள் நுழைந்து நீக்க வழியில்லை. சர்வர் நின்றிருக்கும் இந்த ஒரு நேரத்தில் மட்டும் ஆட்டோ கான்ஃப் கோப்பைக் கையால் திறந்து அந்த வரியை நீக்கலாம்.

முதன்மை சர்வரின் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பை சர்வர் மட்டும் எழ மறுத்தால் அதன் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் முதன்மை சர்வரைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். உயர்த்தும்போது முதலில் ஸ்டாண்ட்பையில் உயர்த்த வேண்டும், குறைக்கும்போது முதலில் முதன்மையில் குறைக்க வேண்டும்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: லாகில் "பேனிக்" என்ற சொல்லோடு செக்பாயிண்ட் (மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடித்த கட்டம்) பதிவைக் காணவில்லை என்று வந்தால் அங்கேயே நில்லுங்கள். இணையத்தில் தேடினால் "பிஜி ரீசெட்வால்" என்ற கட்டளையை ஓட்டச் சொல்வார்கள். ஓட்டாதீர்கள். சர்வர் எழும், ஆனால் தரவு முரண்பட்டு நிற்கலாம். முதலில் தரவு அடைவை முழுவதும் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் அறுந்து, சர்வர் தானே திரும்ப எழுகிறது

நான் அதிகம் பார்த்த பெரிய கோளாறு இதுதான். லாகில் ஒரு புராசஸ் "சிக்னல் 9: கில்டு" என்று முடிந்ததாக வரி இருக்கும். அதைத் தொடர்ந்து மற்ற எல்லா இணைப்புகளும் வெட்டப்படும். டிமெஸ்ஜி கட்டளை கொடுத்தால் "அவுட் ஆஃப் மெமரி" என்று லினக்ஸே ஒப்புக்கொண்டிருக்கும். நினைவகம் தீர்ந்துபோனதால் இயங்குதளம் போஸ்ட்கிரெஸின் ஒரு புராசஸைக் கொன்றிருக்கிறது.

### முதலில் பார்க்க வேண்டியது: வொர்க் மெம்

இதன் இயல்பான மதிப்பு 4 எம்பி. "இவ்வளவு குறைவா?" என்று பலர் 64, 128 என உயர்த்திவிடுகிறார்கள். இந்த அளவு சர்வர் முழுவதற்குமானது இல்லை, ஓர் இணைப்புக்கானதும் இல்லை. ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் ஒவ்வொரு ஹாஷ் செயலும் தனித்தனியே இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். பதிப்பு 15 முதல் ஹாஷ் செயல்களுக்கு இதைப்போல் இரு மடங்கு அனுமதி உண்டு. குவெரி இணையாகப் பிரிந்து ஓடினால் ஒவ்வொரு துணைப் புராசஸுக்கும் தனிக் கணக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 ஜிபி ரேம். அதில் 4 ஜிபி ஷேர்டு பஃபர்ஸுக்குப் போனால் மீதி 12. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 200, வொர்க் மெம் 64 எம்பி. ஒவ்வோர் இணைப்பும் ஒரே ஒரு வரிசைப்படுத்தலைச் செய்தாலே 12.5 ஜிபி. கதை முடிந்தது. 200 பேரும் ஒரே நொடியில் வரிசைப்படுத்துவதில்லை என்பதால் இந்தச் சர்வர் மாதக்கணக்கில் நன்றாக ஓடும். மாதக் கடைசியில் எல்லாக் கிளைகளும் அறிக்கை எடுக்கும் நாளில் விழும். "நேற்றுவரை நன்றாக ஓடியதே" என்பதற்கு இதுதான் விளக்கம்.

சரிசெய்ய, பொது மதிப்பை 4 முதல் 16 எம்பிக்குள் வையுங்கள். பெரிய அறிக்கைகளை ஒரு தனிப் பயனர் பெயரில் ஓட்டி, "ஆல்டர் ரோல்" மூலம் அந்தப் பயனருக்கு மட்டும் கூடுதல் வொர்க் மெம் கொடுங்கள். பணம் செலவில்லாத தீர்வு, பெரும்பாலானோருக்கு இதுவே போதும்.

கருவியில் இந்த இடத்தை வடிவமைக்கத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன். வொர்க் மெம் மதிப்பை இழுத்து மாற்றும்போது, பக்கத்திலேயே "மோசமான நாளில் மொத்தத் தேவை இவ்வளவு" என்ற எண்ணும் கூடவே மாறும். அது இருக்கும் ரேமைத் தாண்டினால் சேமிக்க விடாது. எச்சரிக்கை மட்டும் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. எச்சரிக்கையைப் படிக்காமல் மூடுவது நம் எல்லோருக்கும் பழகிவிட்டது.

### அடுத்தது: பராமரிப்பு நினைவகம்

மெயின்டெனன்ஸ் வொர்க் மெம் 64 எம்பியாக இருந்ததை 1 அல்லது 2 ஜிபி ஆக்கியிருந்தால், பயனற்ற பழைய வரிசைகளைப் பின்னணியில் சுத்தம் செய்யும் ஆட்டோவேக்யூமும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். மூன்று வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் ஓடினால் மூன்று மடங்கு. ஆட்டோவேக்யூம் வொர்க் மெம் என்ற தனி அமைப்பில் சிறிய அளவைக் கொடுத்து இதைப் பிரித்துவிடலாம்.

### டாக்கருக்குள் ஓடினால்

கணினியில் 32 ஜிபி இருக்கலாம், கன்டெய்னருக்கு 4 ஜிபி வரம்பு போட்டிருக்கலாம். கணினியின் ரேமைப் பார்த்து நிரப்பிய மதிப்புகள் கன்டெய்னருக்குள் கொலைகார மதிப்புகளாகிவிடும். வரம்பைத்தான் ரேம் என்று கொள்ள வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. டிஸ்க்கில் இடம் ஏராளமாக இருக்கும்போதே "ஷேர்டு மெமரி செக்மென்ட்" அளவை மாற்ற முடியவில்லை, "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று பிழை வரும். டாக்கர் பகிர்வு நினைவகத்துக்குத் தரும் இயல்பான இடம் 64 எம்பிதான். இணையாகப் பிரிந்து ஓடும் குவெரிகள் அதை நிரப்பிவிடுகின்றன. கன்டெய்னரைத் தொடங்கும்போது ஷ்ம் சைஸ் என்ற தெரிவை உயர்த்துங்கள். போஸ்ட்கிரெஸ் அமைப்பை மாற்றி அலையாதீர்கள்.

### அதற்கும் அடங்காவிட்டால்

அதே கணினியில் ஜாவா சர்வரோ வேறு நிரலோ ஓடினால் அதைப் பிரித்துத் தனிக் கணினிக்கு மாற்றுங்கள். ரேம் வாங்குவது அதற்குப் பிறகுதான். லினக்ஸின் ஓவர்கமிட் அமைப்பை 2 ஆக்கினால், புராசஸ் கொல்லப்படுவதற்குப் பதிலாக ஒரு குவெரி மட்டும் பிழையோடு நிற்கும். போஸ்ட்கிரெஸ் மட்டுமே ஓடும் கணினியில் இது நல்ல ஏற்பாடு. மற்ற நிரல்களும் ஓடும் கணினியில் அவற்றைப் பாதிக்கும்.

வொர்க் மெம் 4 எம்பிக்கு இறங்கிய பிறகும் ஒரே ஒரு புராசஸின் நினைவகம் வளர்ந்துகொண்டே போனால் நிபுணரை அழையுங்கள்.

## அறிகுறி: "சாரி, டூ மெனி கிளையண்ட்ஸ் ஆல்ரெடி"

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 100-இலிருந்து 500 ஆக்குவது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இணைப்பும் தனிப் புராசஸ். எண்ணிக்கையை உயர்த்தினால் முந்தைய அறிகுறிக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள்.

மூன்று இடங்கள் சூப்பர்யூசருக்காக ஒதுக்கப்பட்டிருக்கும், அதன் வழியே உள்ளே நுழையலாம். நுழைந்து "பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி"யில் "ஸ்டேட்" வாரியாக எண்ணிப் பாருங்கள்.

"ஐடில்" அதிகமாக இருந்தால் செயலி இணைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் வைத்திருக்கிறது. செயலியின் பூல் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) அளவைப் பெருக்கிப் பாருங்கள். மூன்று செயலி சர்வர்கள், ஒவ்வொன்றிலும் நான்கு வொர்க்கர்கள், ஒவ்வொரு வொர்க்கருக்கும் 20 இணைப்புகள் என்றால் 240. 100 எப்படிப் போதும்? பூல் அளவை 5 ஆக்கினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

"ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்" அதிகமாக இருந்தால் நிரலில் எங்கோ டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு கமிட்டோ ரோல்பேக்கோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள். நிரலைத் திருத்துவதுதான் தீர்வு. அதுவரை ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட் என்பதை ஐந்து நிமிடம் என்று வையுங்கள். இயல்பாக அது அணைந்திருக்கும்.

"ஆக்டிவ்" அதிகமாக இருந்தால் குவெரிகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கலாம். "வெயிட் ஈவென்ட் டைப்" நெடுவரிசையில் "லாக்" (பூட்டு) என்று இருந்தால், "பிஜி பிளாக்கிங் பிட்ஸ்" என்ற ஃபங்க்‌ஷன் யார் யாரை மறிக்கிறார் என்று சொல்லும்.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லையென்றால் பிஜிபவுன்சர் என்ற இணைப்புப் பகிர்வு நிரலை நடுவில் வையுங்கள். டிரான்சாக்‌ஷன் முறையில் வைத்தால் சில நூறு இணைப்புகளை இருபது முப்பதில் அடக்கிவிடும். ஆனால் "செட்" கட்டளை, அட்வைசரி லாக் (செயலி தானே போடும் பூட்டு) போன்ற, இணைப்பை நம்பிய வசதிகளை உங்கள் செயலி பயன்படுத்தினால் அவை உடையும். அதைச் சோதிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

## அறிகுறி: ஒரே ஒரு பக்கம் மட்டும் மெதுவாக வருகிறது

மற்றவை வேகமாக இருந்து ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால், அநேகமாக அது அமைப்புக் கோளாறு கிடையாது. கருவியும் இங்கே எந்த எண்ணையும் பரிந்துரைக்காமல், குவெரியைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடும்.

அந்தக் குவெரிக்கு "எக்ஸ்பிளெயின் அனலைஸ்" கொடுங்கள். கவனம்: அது குவெரியை உண்மையிலேயே ஓட்டும். டிலீட், அப்டேட் குவெரிகளுக்கு முன்னால் "பிகின்", பின்னால் "ரோல்பேக்" கட்டாயம்.

- எதிர்பார்த்த வரிசைகள் 10, உண்மையில் வந்தவை 5 லட்சம் என்பதுபோல் பெரிய இடைவெளி இருந்தால், அந்த டேபிளுக்கு "அனலைஸ்" ஓட்டுங்கள். பிஜி அப்கிரேடு மூலம் 18-க்கு முந்தைய பதிப்பு ஒன்றுக்கு உயர்த்தியிருந்தால் புள்ளிவிவரங்கள் கூடவே வந்திருக்காது. எல்லா டேபிள்களுக்கும் ஓட்ட வேண்டும்.
- பெரிய டேபிளை முழுவதும் படித்துச் சில வரிசைகளை மட்டும் எடுத்தால், இண்டெக்ஸ் இல்லை என்று பொருள்.
- "எக்ஸ்டர்னல் மெர்ஜ் டிஸ்க்" என்று இருந்தால் வரிசைப்படுத்தல் நினைவகத்தில் அடங்கவில்லை. அந்தக் குவெரிக்கு மட்டும் வொர்க் மெம் உயர்த்துங்கள்.
- இண்டெக்ஸ் இருந்தும் தொடவில்லையென்றால், எஸ்எஸ்டி டிஸ்க்கில் ரேண்டம் பேஜ் காஸ்ட் என்பதை 4-இலிருந்து 1.1 ஆக்கிப் பாருங்கள். பழைய மதிப்பு சுழலும் டிஸ்க்குகளின் காலத்தில் வைத்தது.
- கடைசி வரிகளில் "ஜேஐடி" (குவெரியை ஓட்டும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி) நேரம் குவெரி நேரத்தில் பெரும்பகுதியாக இருந்தால், ஜேஐடியை அணைத்து ஒப்பிடுங்கள்.

எஃபெக்டிவ் கேச் சைஸைப் பற்றி ஒரு சொல். அது நினைவகத்தை ஒதுக்குவதில்லை, திட்டமிடும் பகுதிக்கு ஒரு மதிப்பீட்டை மட்டும் தருகிறது. ரேமில் பாதி முதல் முக்கால் வரை வைக்கலாம், ஆபத்தில்லை.

## அறிகுறி: சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லாமே திணறுகிறது

கடிகாரத்தைப் பாருங்கள். மணிக்கு ஒருமுறை சரியாக அதே நிமிடத்தில் நடந்தால், கிரானில் ஏதாவது பேக்கப்போ அறிக்கையோ ஓடுகிறது. அதை இரவுக்கு மாற்றுங்கள்.

லாகில் "செக்பாயிண்ட்ஸ் ஆர் அக்கரிங் டூ ஃப்ரீக்வெண்ட்லி" என்று இருந்தால் மேக்ஸ் வால் சைஸ் போதவில்லை (வால் என்பது மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு). இயல்பு 1 ஜிபி. டிஸ்க்கில் இடம் இருந்தால் 4 அல்லது 8 ஜிபி ஆக்குங்கள், செக்பாயிண்ட் டைம்அவுட்டை ஐந்து நிமிடத்திலிருந்து பதினைந்தாக்குங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: சர்வர் விழுந்தால் மீண்டெழக் கூடுதல் நேரம் ஆகும்.

இந்த இடத்தில்தான் "எஃப்சிங்கை அணைத்துவிடு, பறக்கும்" என்று யாராவது சொல்வார்கள். எழுதியது டிஸ்க்கில் உண்மையிலேயே பதிந்ததா என்று உறுதிசெய்யும் அமைப்பு அது. அதை அணைத்தபின் மின்சாரம் போனால் தரவுத்தளமே சிதைந்துபோகலாம். என் கருவியில் அந்த அமைப்பு எந்தத் திரையிலும் இருக்காது. வேகம் அவசியம் என்றால் சிங்க்ரனஸ் கமிட்டை அணைக்கலாம். சர்வர் விழும்போது கடைசி நொடிக்குள் நடந்த சில பதிவுகள் போகலாம், தரவு சிதையாது. வருகைப் பதிவுக்கு அது பரவாயில்லை. பணப் பரிவர்த்தனைக்குக் கூடாது.

இரண்டும் இல்லையென்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். சில கிளவுட் டிஸ்க்குகள் கொஞ்ச நேரம் வேகமாக ஓடி, ஒதுக்கீடு தீர்ந்ததும் வேகம் குறைந்துவிடும். உயர்ந்த வகை டிஸ்க் வாங்குவதற்கு முன் நிபுணரிடம் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: நாளுக்கு நாள் மெதுவாகிறது, டேபிள் ஊதிக்கொண்டே போகிறது

"ஷோ ஆட்டோவேக்யூம்" கொடுங்கள். "ஆஃப்" என்று வந்தால் உடனே திரும்ப இயக்குங்கள். "அது ஓடும்போது மெதுவாகிறது" என்று யாரோ ஒருநாள் அணைத்திருப்பார்கள்.

இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்றால், "பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ்" வியூவில் செத்த வரிசைகளின் (நீக்கியதாலோ மாற்றியதாலோ பயனற்றுப்போனவை) எண்ணிக்கையையும் கடைசியாக வேக்யூம் நடந்த நேரத்தையும் பாருங்கள்.

வேக்யூம் சமீபத்தில் நடந்தும் செத்த வரிசைகள் குறையவில்லையென்றால் எதுவோ அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. மணிக்கணக்கில் திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷன், கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ஸ்டாண்ட்பைக்காகத் தரவைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு), மறந்துபோன பிரிப்பேர்டு டிரான்சாக்‌ஷன் என இதே வரிசையில் தேடுங்கள்.

வேக்யூம் நடக்கவே இல்லையென்றால் டேபிள் மிகப் பெரியது. இயல்பாக, டேபிளில் 20 சதவீத வரிசைகள் செத்த பிறகுதான் ஆட்டோவேக்யூம் வரும். பத்துக் கோடி வரிசைகள் உள்ள டேபிளில் அது இரண்டு கோடி. அந்த டேபிளுக்கு மட்டும் ஸ்கேல் ஃபேக்டரை 0.01 ஆக்குங்கள்.

ஏற்கெனவே ஊதிய டேபிளைச் சுருக்க "வேக்யூம் ஃபுல்" இருக்கிறது. அது முடியும்வரை டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது, புதிய நகலுக்கு டிஸ்க்கில் இடமும் வேண்டும். பகல் நேரத்தில் ஓட்டவே ஓட்டாதீர்கள். பிஜி ரீபேக் என்ற துணைநிரல் வேலையை நிறுத்தாமல் செய்யும், ஆனால் முதல்முறை தெரிந்தவர் துணையோடு செய்யுங்கள். லாகில் "ராப்அரவுண்டு" (டிரான்சாக்‌ஷன் எண்கள் தீரும் நிலை) என்ற சொல் வந்துவிட்டால் மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் நிபுணரை அழையுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் சர்வர் எழுதுவதையே நிறுத்திவிடும்.

## அறிகுறி: டிஸ்க் நிரம்பிவிட்டது

பிஜி வால் அடைவில் உள்ள கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். அந்த அடைவின் பெயர் முன்பு பிஜி எக்ஸ்லாக். பெயரில் "லாக்" இருப்பதைப் பார்த்துப் பலர் அழித்துத் தரவை இழந்ததால்தான், 2017-இல் வந்த பதிப்பு 10-இல் பெயரையே மாற்றினார்கள்.

முதலில் சர்வரின் சாதாரண லாக் கோப்புகளைப் பாருங்கள். பழையவற்றை அழிக்கலாம். இடம் போயிருப்பது பிஜி வாலில் என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "பிஜி ரெப்ளிகேஷன் ஸ்லாட்ஸ்" வியூவில் "ஆக்டிவ்" பொய் என்று ஒரு ஸ்லாட் இருந்தால், எப்போதோ நிறுத்திய ஸ்டாண்ட்பைக்காகச் சர்வர் இன்னமும் சேர்த்துவைக்கிறது. அது இனித் தேவையில்லை என்று உறுதியானால் ஸ்லாட்டை நீக்குங்கள். "பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர்" வியூவில் தோல்வி எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் வால் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை வேலை செய்யவில்லை. அது சரியானதும் அடுத்த செக்பாயிண்ட்டுகளில் இடம் தானாக விடுபடும். ஸ்லாட்டால் மீண்டும் இப்படி வராமலிருக்க மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸுக்கு ஒரு வரம்பு போடுங்கள்.

இடமே இல்லாமல் சர்வர் நின்றுவிட்டிருந்தால் எதையும் அழிக்காமல் டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள். கிளவுடில் அது சில நிமிட வேலை. முடியாதென்றால் அங்கேயே நிபுணரை அழையுங்கள்.

## நிபுணரை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

போஸ்ட்கிரெஸ் பதிப்பு, ரேம், டிஸ்க் வகை. பிஜி செட்டிங்ஸில் இயல்பு அல்லாத அமைப்புகளின் பட்டியல். கோளாறு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்து தொடங்கும் லாக். அந்த நேரத்தில் எடுத்த பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி. கடைசியாக எந்த அமைப்பை எப்போது மாற்றினீர்கள் என்ற குறிப்பு. கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் இவை ஒரே கோப்பாகக் கிடைக்கும்படி செய்துவருகிறேன். அதுவரை கையால் திரட்டுங்கள்.

அனுப்புவதற்கு முன் லாகை ஒருமுறை படித்துப் பாருங்கள். குவெரிகளுக்குள் வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அப்படியே இருக்கும். அவற்றை மறைத்துவிட்டு அனுப்புங்கள். கடவுச்சொல்லை யாருக்கும் அனுப்பாதீர்கள். நிபுணர் உள்ளே நுழைய வேண்டுமென்றால் தனிப் பயனர் பெயர் ஒன்றை உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.